முப்பது நொடியின் நீளம்

2023 அக்டோபர் 7. சீனத்தின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆடவர் கபடி இறுதியாட்டம். இந்தியாவும் ஈரானும் 28-28 எனச் சமநிலையில் நிற்கின்றன. ஆட்டம் முடியச் சுமார் ஒரு நிமிடமே எஞ்சியிருக்கிறது. பவன் செராவத் நடுக்கோட்டைத் தாண்டி எதிரணியின் களத்துக்குள் பாடிச் செல்கிறார். அது 'வாழ்வா சாவா' ரெய்டு. முந்தைய இரண்டு ரெய்டுகளும் புள்ளியின்றிக் கழிந்துவிட்ட நிலையில், இம்முறையும் வெறுங்கையுடன் திரும்பினால் ரெய்டு செல்பவரே ஆட்டமிழப்பார். அவருக்குத் தரப்பட்டிருப்பது 30 நொடி.

அந்த ரெய்டின் முடிவில் எந்த விதி பொருந்தும் என்று சர்ச்சை எழுந்து, ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றுபோனதையும், இறுதியில் இந்தியா 33-29 என்று வென்று தங்கம் பெற்றதையும் வாசகர்கள் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். நாங்கள் இங்கே பேச விரும்புவது சர்ச்சையைப் பற்றியன்று. அந்த 30 நொடியைப் பற்றி. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த எங்களிடையே மறுநாளும் விவாதம் ஓயவில்லை. 'ஒரு யுகம் போல நீண்டது' என்றார் ஒருவர். 'கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது' என்றார் மற்றொருவர். இருவரும் ஒரே சோபாவில் அமர்ந்து ஒரே திரையைப் பார்த்தவர்கள். அமர்ந்து பார்த்தவர்களுக்கே இப்படியென்றால், நெஞ்சு எரிய, எதிரே ஏழு பேர் கைகோத்து நெருங்க, உள்ளே நின்றுகொண்டிருப்பவருக்கு அந்த அரை நிமிடம் எவ்வளவு நீளமாக இருக்கும்? இந்தக் கேள்வியைத் தொடர்ந்து சென்றதன் விளைவே இக்கட்டுரை.

மூச்சே கடிகாரம்

கபடி இந்தக் கேள்விக்கு மிகவும் பொருத்தமான ஆட்டம். தமிழகத்தில் சடுகுடு என்றும், ஆந்திரத்தில் செடுகுடு என்றும், மராட்டியத்தில் ஹுதுது என்றும், வங்கத்தில் ஹாடுடு என்றும் வழங்கும் இந்த ஆட்டத்தின் பெயர்கள் எல்லாமே வாயால் பாடும் ஓசைகள். பாடிச் செல்பவர் ஒரே மூச்சில், இடைவிடாமல், தெளிவாகப் பாட வேண்டும். பாட்டு அறுந்தால் ஆட்டம் போயிற்று. இன்றைய போட்டிகளில் ஒவ்வொரு ரெய்டுக்கும் 30 நொடி என்ற வரையறை உண்டு. பெரிய திரையில் நொடிகள் குறைந்துகொண்டே வருவதை அரங்கமே பார்க்கிறது. ஊர்ப்புறத்து ஆட்டத்தில் அப்படியொரு கடிகாரம் இருப்பதில்லை. பாடுபவரின் நுரையீரலில் உள்ள காற்று தீரும் வரை அவருக்கு நேரம் உண்டு. காற்றுத் தீர்ந்தால் நேரமும் தீர்ந்தது. காலத்தை அளக்கும் கருவியும் காலத்தால் அளக்கப்படும் மனிதரும் ஒருவரேயாக இருந்த விளையாட்டு அது.

உடலைக் கொண்டு காலத்தை அளப்பது தமிழுக்குப் புதிதன்று. எழுத்தின் ஒலியளவான மாத்திரைக்குத் தொல்காப்பியம் கூறும் இலக்கணமே கண்ணிமைப்பும் கைநொடிப்பும்தாம். இன்று நாம் கடிகாரத்தில் எண்ணும் 'நொடி' என்ற சொல்லில், விரலைச் சொடுக்கும் ஓசை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. (நாழிகைக் கணக்கில் ஒரு விநாடி என்பது இன்றைய 24 நொடிக்குச் சமம், அச்சொல்லையும் நாம் சுருக்கி ஒரு நொடிக்குக் கொடுத்துவிட்டோம் என்பது தனிக்கதை.) பைசா நகரத் தேவாலயத்தில் ஊசலாடிய விளக்கைக் கலிலியோ தமது நாடித்துடிப்பைக் கொண்டு அளந்தார் என்று வழிவழியாகச் சொல்லப்படும் கதையும் இதே வகையைச் சேர்ந்தது.

இந்த அளவுகோலில் ஒரு குறை உண்டு. நாடி எப்போதும் ஒரே சீராகத் துடிப்பதில்லை. ஓடினால் விரைகிறது, அஞ்சினால் விரைகிறது, காய்ச்சல் கண்டாலும் விரைகிறது. அளவுகோலே நீண்டும் சுருங்கியும் போனால், அளந்த துணியின் நீளம் என்னாவது?

1930-களில் அமெரிக்க உடலியல் அறிஞர் ஹட்சன் ஹோக்லண்ட் இதை வீட்டிலேயே எதிர்கொண்டார். காய்ச்சலில் படுத்திருந்த மனைவிக்கு மருந்து வாங்கக் கடைக்குச் சென்று விரைவாகவே திரும்பினார். மனைவியோ அவர் வெகுநேரம் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டார். நம்மில் பெரும்பாலோர் அந்த இடத்தில் மன்னிப்புக் கேட்டிருப்போம். ஹோக்லண்ட் கடிகாரத்தை எடுத்தார். ஒரு நிமிடம் என்று தோன்றும் வரை மனத்துக்குள் எண்ணும்படி மனைவியிடம் சொல்லி, உடல்வெப்பத்தையும் உடன் குறித்தார். வெப்பம் ஏற ஏற அவர் எண்ணிய நிமிடம் குறுகிக்கொண்டே வந்தது. அதாவது உள்ளே ஓடிய கடிகாரம் வேகமாகத் தட்டியது. ஆகவே வெளியே ஓடிய கடிகாரம் மெதுவாக நகர்வதாகப் பட்டது. 1933-இல் வெளியான இந்த அவதானிப்பு, காய்ச்சல்காரரின் பொறுமையின்மைக்கு ஓர் அறிவியல் மதிப்பைத் தந்தது.

உடற்பயிற்சியும் உடலைச் சூடாக்குகிறது, நாடியை விரைவாக்குகிறது, கவனத்தை உள்நோக்கித் திருப்புகிறது. அப்படியானால் ஓடுபவரின் நிமிடமும் குறுக வேண்டுமல்லவா?

மிதிவண்டியில் 4 கிலோமீட்டர்

இங்கிலாந்தின் கேன்டர்பரி கிறைஸ்ட் சர்ச் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ எட்வர்ட்ஸும் நெதர்லாந்து ஆய்வாளர்களும் அடங்கிய குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. உடற்பயிற்சிப் பழக்கமுள்ள, ஆனால் தொழில்முறை வீரர்களல்லாத 33 பேர், நிலையாக நிற்கும் மிதிவண்டியில் 4 கிலோமீட்டர் தொலைவை இயன்ற விரைவில் மிதித்துக் கடக்க வேண்டும். ஒருமுறை தனியாக, ஒருமுறை திரையில் உடன்வரும் ஒரு துணையுருவோடு, மற்றொருமுறை அந்த உருவத்தைப் போட்டியாளராகக் கொண்டு. பயிற்சியின் இடையிடையே அவர்களிடம் கேட்கப்பட்டது ஒன்றே: 30 நொடி எவ்வளவு என்று மதிப்பிடுங்கள்.

கபடி ரெய்டின் அதே 30 நொடி. இது தற்செயல்தான், ஆயினும் எங்களுக்கு இந்தப் பொருத்தம் பிடித்திருந்தது.

விளைவு ஹோக்லண்டின் வீட்டில் நடந்ததை ஒத்திருந்தது. மிதித்துக்கொண்டிருந்தபோது அவர்கள் 30 நொடி ஆகிவிட்டதாக உண்மையான 30 நொடிக்கு முன்பே எண்ணினர். ஓய்வாக இருந்தபோதும், மிதித்து முடித்த பின்னரும் அந்த விலகல் இல்லை. உழைக்கும் உடலுக்குக் காலம் மெதுவாக நகர்கிறது. உழைப்பு நின்றதும் அது தன் நடைக்குத் திரும்பிவிடுகிறது.

இதுவரை எதிர்பார்த்ததுதான். எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தவை வேறு இரண்டு முடிவுகள். முதலாவது, போட்டியாளர் வந்ததால் விலகல் கூடவுமில்லை, குறையவுமில்லை. தனியாக மிதித்தாலும் எதிரியோடு மிதித்தாலும் நீட்சி அதுவே. 'போட்டி சூடுபிடித்தால் நேரம் போவதே தெரியாது' என்று நாம் சாதாரணமாகச் சொல்வது இந்தச் சோதனையில் மெய்ப்படவில்லை. இரண்டாவது, தொலைவு ஏற ஏற அவர்கள் உணர்ந்த களைப்பு கூடிக்கொண்டே போயிற்று. ஆனால் காலத்தின் நீட்சி அதனுடன் சேர்ந்து கூடவில்லை. களைப்பை அளப்பதற்கென்றே சுவீடன் அறிஞர் குன்னார் போர்க் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. 6-இல் தொடங்கி 20-இல் முடியும் அந்த விசித்திரமான எண்களைப் பத்தால் பெருக்கினால் ஏறத்தாழ நாடித்துடிப்பு வரும் என்பது அதன் சூட்சுமம். அந்த அளவுகோலில் எண்கள் ஏறின; காலம் மட்டும் முதலில் நீண்ட அளவிலேயே நின்றது. கொஞ்சம் உழைத்தால் கொஞ்சம் நீளும், மிகவும் உழைத்தால் மிகவும் நீளும் என்ற எளிய கணக்கு இங்கே சரிவரவில்லை.

33 பேர், ஒருவகைப் பயிற்சி, திரையில் தோன்றும் எதிரி. எனவே இதை எல்லா விளையாட்டுக்கும் நீட்டிவிட முடியாது. திரையில் மிதிக்கும் உருவம் நம் கணுக்காலைப் பிடித்து இழுப்பதில்லை. இறுதியாட்டத்தில் நாட்டின் பெயர் தோளில் இருக்கும்போது வரும் அழுத்தம் ஆய்வுக்கூடத்தில் வாராது. இருப்பினும், ஒரு சாதாரண மனிதர் சாதாரணமாக வியர்க்கும்போதே அவருடைய நொடிகள் இடம் மாறுகின்றன என்பது சிறிய செய்தியன்று.

ஏன் இப்படி? உளவியலார் நெடுங்காலமாகக் கையாளும் ஒரு படிமம் உதவுகிறது. மூளைக்குள் ஏதோ ஒன்று துடிப்புகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. மற்றொன்று அவற்றைத் திரட்டிச் சேமிக்கிறது. சேர்ந்த துடிப்புகளின் எண்ணிக்கையே நமக்குக் கால அளவாகப் படுகிறது. உடல் கிளர்ச்சியுற்றால் துடிப்புகள் அடர்த்தியாகின்றன. கவனம் உடலின் மீது, அதாவது மூச்சிரைப்பின் மீது, தொடையின் எரிச்சலின் மீது, 'இன்னும் எவ்வளவு' என்ற கேள்வியின் மீது குவிந்தால், ஒரு துடிப்பும் தவறாமல் சேமிப்பில் சேர்கிறது. பால் பொங்குவதற்காக அடுப்படியில் காத்து நின்ற எவருக்கும் இந்த இரண்டாவது காரணத்தை விளக்க வேண்டியதில்லை. நடைப்பொறியில் ஓடுபவர்கள் சிலர் எண்பலகையின் மீது துவாலையைப் போட்டு மூடிவிடுவதும் இதனால்தான். எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் எண் நகர்வதில்லை.

ரோமாபுரியில் பத்தில் ஒரு நொடி

நொடிகள் மனத்துக்குள் இடம் மாறுவதால் யாருக்கு என்ன நட்டம்? இக்கேள்வி வந்ததும் எங்கள் பேச்சு 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்குக்குச் சென்றது.

செப்டம்பர் 6 அன்று நடந்த 400 மீட்டர் இறுதி ஓட்டத்தில் மில்கா சிங் பதக்கம் பெறக்கூடியவர் என்று உலகமே எதிர்பார்த்தது. முதல் பாதியில் அவர் முன்னணியில் இருந்தார். பிறகு, தாம் அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுவதாகவும், இறுதிவரை தாக்குப்பிடிக்க முடியாது என்றும் எண்ணிச் சற்றே வேகத்தைத் தளர்த்தினார். இதை அவரே பின்னாளில் பலமுறை கூறி வருந்தியிருக்கிறார். பின்னால் வந்தவர்கள் முந்தினர். அமெரிக்காவின் ஓட்டிஸ் டேவிஸும் ஜெர்மனியின் கார்ல் காஃப்மனும் 44.9 நொடியில் உலகச் சாதனையுடன் எல்லையைத் தொட்டனர். தென்னாப்பிரிக்காவின் மால்கம் ஸ்பென்ஸ் 45.5. மில்கா சிங் 45.6. பத்தில் ஒரு நொடி இடைவெளியில் வெண்கலம் கைநழுவியது. நான்காம் இடத்தில் முடிந்த அந்த ஓட்டமே 1998 வரை தேசியச் சாதனையாக நிலைத்தது என்பதை எண்ணும்போது, அந்தத் தளர்வின் விலை இன்னும் கூடுதலாகத் தெரிகிறது.

அன்று அவருடைய உள்ளே இருந்த கடிகாரம் பிழை செய்தது என்று நாங்கள் தீர்ப்பெழுதவில்லை. அறுபது ஆண்டுகளுக்குப் பின்னால் அமர்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எளிது, நேர்மையன்று. ஆனால் ஓட்டத்தில் வேகத்தைப் பங்கிடுதல் என்பதன் அடிப்படையைப் பாருங்கள். ஓடுபவர் ஒவ்வொரு கணமும் தம்மிடம் மீதமுள்ள வலிமையையும், அதைச் செலவிட வேண்டிய மீதக் காலத்தையும் ஒப்பிட்டுக்கொண்டே ஓடுகிறார். கையிருப்பையும் மாதத்தில் எஞ்சிய நாட்களையும் ஒப்பிட்டுச் செலவு செய்யும் குடும்பத்தலைவியின் கணக்கு அது. எஞ்சியிருப்பது பத்து நாளாக இருக்க, பதினைந்து நாள் என்று தவறாக எண்ணினால் தேவையின்றிக் கையை இறுக்குவோம். உழைக்கும் உடலுக்கு முன்னே உள்ள 20 நொடி உண்மையைவிட நீளமாகத் தோன்றுமானால், ஓட்டக்காரரும் கையை இறுக்கவே செய்வார். உழைப்பும் கால உணர்வும் பற்றிய ஆய்வுகளில் ஆர்வம் காட்டுபவர்கள் திரும்பத் திரும்பக் கவலைப்படுவது இந்த இடத்தில்தான்.

பி.டி. உஷாவின் கதை வேறு. 1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 400 மீட்டர் தடை ஓட்டத்தின் இறுதியில் அவருடைய நேரம் 55.42 நொடி, வெண்கலம் பெற்ற ருமேனியாவின் கிறிஸ்தியானா கொஜோகாருவின் நேரம் 55.41. அவருடைய சராசரி வேகத்தில் நூற்றில் ஒரு நொடி என்பது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர்; உள்ளங்கையின் அகலம். கண் ஒருமுறை இமைக்க இதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலாக நேரம் வேண்டும். இத்தகைய துளியை எந்த மனிதரும் உணர முடியாது. புகைப்படக் கருவிதான் காண முடியும். தொல்காப்பியர் கண்ணிமையில் நிறுத்திய அளவுக்குக் கீழே ஒரு பதக்கம் தீர்மானிக்கப்பட்டது. அங்கே கால உணர்வு பிழை செய்தது என்று சொல்லக்கூட இடமில்லை.

பந்து மெதுவாக வரும் நாள்

நீளும் காலம் எப்போதும் பகையாக இருப்பதில்லை. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் எறியப்படும் கிரிக்கெட் பந்து மட்டையாளரை வந்தடைய ஏறத்தாழ அரை நொடிதான் ஆகிறது. இந்த அரை நொடிக்குள் பந்தைப் பார்த்து, முன்னே செல்வதா பின்னே செல்வதா என்று முடிவெடுத்து, மட்டையை வீச வேண்டும். நன்றாக ஆடிய நாளில் 'பந்து மெதுவாக வந்தது போலிருந்தது' என்று சொல்லும் மட்டையாளர்கள் உண்டு. இதை வீண்பெருமை என்று தள்ளிவிட வேண்டியதில்லை. லண்டனில் நொபுஹிரோ ஹகுராவும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், கையை நீட்டத் தயாராக நின்றவர்களுக்குத் திரையில் தோன்றிய உருவம், தயாராகாதவர்களுக்குத் தோன்றியதைவிட நீண்ட நேரம் இருந்ததாகப் பட்டது. செயலுக்கு முன்னதான ஆயத்தமே காலத்தைச் சற்று விரிக்கிறது என்பது அவர்கள் கருத்து.

ஆனால் அச்சத்தில் காலம் நின்றுபோவதாகச் சொல்லப்படுவது வேறு. அமெரிக்க நரம்பியல் அறிஞர் டேவிட் ஈகிள்மனும் உடனாய்வாளர்களும் 2007-இல் துணிச்சலான ஒரு சோதனையை வெளியிட்டனர். பாதுகாப்பு வலையை நோக்கி 31 மீட்டர் உயரத்திலிருந்து தன்னார்வலர்களை முதுகுப்புறமாக விழச் செய்தனர். மணிக்கட்டில் கட்டிய சிறு திரையில் எண்கள் மிக விரைவாக மாறி மாறித் தோன்றும். காலம் உண்மையிலேயே மெதுவாகியிருந்தால், விழும்போது அந்த எண்களைப் படிக்க முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஆனால் பின்னர் கேட்டபோது, தாம் விழுந்த நேரத்தைப் பிறர் விழுந்த நேரத்தைவிடச் சராசரியாக 36 சதவீதம் அதிகமாக மதிப்பிட்டனர். ஆகவே நீண்டது அந்தக் கணமன்று. அந்தக் கணத்தின் நினைவு. அடர்த்தியாகப் பதிந்த நினைவை மனம் நீளமாகப் படிக்கிறது. ஹாங்சோ ஆட்டத்தைப் பற்றி மறுநாள் வாதிட்டுக்கொண்டிருந்த எங்கள் நண்பர்கள் இருவரும் ஆட்டத்தின் நீளத்தைச் சொன்னார்களா, நினைவின் நீளத்தைச் சொன்னார்களா என்று இப்போது ஐயமாக இருக்கிறது.

அரைமணி நேர நடை

வீரர்களின் கதை இருக்கட்டும். எங்களுள் ஒருவருக்கு, ஆண்டுதோறும் செய்துகொள்ளும் பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. மருத்துவர் மாத்திரைக்கு முன்னால் நடையை எழுதிக்கொடுத்தார்: நாளும் அரைமணி நேரம், மூச்சு வாங்கும் அளவுக்கு விரைவாக. நம் நண்பர் ஒழுங்கானவர். விடியற்காலையில் எழுந்து, கைப்பேசியையும் கடிகாரத்தையும் வீட்டில் வைத்துவிட்டு, மன அமைதியுடன் நடந்தார். அரைமணி ஆயிற்று என்று தோன்றும்போது வீடு திரும்பினார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எண்ணில் பெரிய மாற்றமில்லை. மருத்துவர் வியந்தார், நண்பர் மனமுடைந்தார், நடையால் பயனில்லை என்று நிறுத்திவிடும் எண்ணத்துக்கே வந்துவிட்டார். அப்போதுதான் அவருடைய மகள் ஒரு நாள் கைக்கடிகாரத்துடன் உடன் சென்றாள். அவருடைய அரைமணி நேரம் 21 நிமிடமாக இருந்தது.

இந்த ஒன்பது நிமிடம் முழுவதையும் உள்ளக் கடிகாரத்தின் தலையில் கட்ட முடியாது. சலிப்பும் புழுக்கமும் காபியின் நினைவும் அதில் பங்குபெற்றிருக்கும். ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. வாரத்தில் ஐந்து நாள் அரைமணி நடந்தால்தான் கீழ்வரம்பான 150-ஐயே எட்டுகிறோம். நண்பர் ஐந்து நாளில் எட்டியது 105. தம் மனசாட்சியின் பேரேட்டில் அவர் முழுத்தொகையையும் வரவு வைத்திருந்தார். உடல் அவருக்குக் காட்டிய இருப்பு வேறாக இருந்தது.

புதிதாக நடையோ ஓட்டமோ தொடங்கிச் சில வாரங்களில் விட்டுவிடுபவர்கள் தங்களைச் சோம்பேறிகள் என்று நொந்துகொள்வதைக் கேட்டிருக்கிறோம். அவர்களுக்கு ஒரு நிமிடம் உண்மையிலேயே நீளமாக இருக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. பழகியவர்களுக்கும் அது நீளமாகவே இருக்கிறது; அவர்கள் அதற்கு வேறு வழிகளைக் கைக்கொண்டிருக்கிறார்கள். பூங்காவில் நாள்தோறும் வரும் மூத்தவர்களைக் கவனித்தால் புரியும். அவர்கள் நிமிடத்தை எண்ணுவதில்லை, சுற்றை எண்ணுகிறார்கள். இருவர் மூவராகப் பேசிக்கொண்டே நடக்கிறார்கள். அரசியலும் பேரன் பேத்திகளும் கவனத்தை உடலிலிருந்து வெளியே இழுத்துக்கொள்கின்றன. இளையவர்கள் காதில் பாட்டை மாட்டிக்கொள்கிறார்கள். மிதமான உழைப்பில் இசை களைப்புணர்வைத் தணிக்கிறது என்பதும், உழைப்பு உச்சத்துக்குப் போகும்போது இசையின் அந்த உதவி குறைந்துவிடுகிறது என்பதும் ஆய்வுகளில் தெளிவாகியிருக்கின்றன. உடல் மிகவும் உரக்கக் கத்தும்போது பாட்டு எடுபடுவதில்லை போலும்.

நம் முன்னோர் இதை ஏட்டில் படித்தவர்கள் அல்லர். ஏற்றம் இறைத்தவர்கள் பாடிய பாட்டில் சாலின் எண்ணிக்கையும் சேர்ந்தே வரும். எத்தனை சால் இறைத்தோம் என்பது பாட்டிலேயே கணக்காகும். பாட்டு நின்றால் கணக்கும் நிற்கும். விடியுமுன் தொடங்கி முதுகு ஒடியச் செய்த அந்த வேலையில், நேரத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவரும் தாங்கியிருக்க மாட்டார்கள்.

எங்கள் நண்பர் இப்போது கடிகாரம் கட்டிக்கொண்டு நடக்கிறார். ஆனால் அதைப் பார்ப்பது திரும்பும் முனையில் ஒரே ஒரு முறை. போகும் வழியில் 15 நிமிடம், வரும் வழியில் அதே தொலைவு. அடுத்த பரிசோதனை இன்னும் ஆறு வாரத்தில்.

கட்டுரையை எழுதி முடிக்கும் முன்னர், நாங்களும் ஒருமுறை சோதித்துப் பார்க்க விரும்பினோம். அலுவலகக் கட்டடத்தில் நான்கு மாடிப் படிகளை விரைந்து ஏறி, மேல்தளத்தில் கண்ணை மூடி நின்று, 30 நொடி ஆனதும் கையைத் தூக்க வேண்டும். ஒருவர் கடிகாரத்துடன் நின்றார். இதை ஆய்வு என்று சொல்ல மாட்டோம். மூச்சு வாங்குவதற்கிடையே சிரிப்பும் அதிகம். பெரும்பாலான கைகள் முன்னதாகவே உயர்ந்தன, சில கைகள் மிகவும் முன்னதாக. ஒருவருடைய கை மட்டும் உயரவேயில்லை. கல்லூரி நாளில் கபடி ஆடியவர் அவர். 34-ஆவது நொடியில், முகம் சிவக்க, கையைத் தூக்கிப் பெருமூச்சு விட்டார். எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டோம்.

'எண்ணவில்லையே' என்றார். 'உதட்டுக்குள்ளேயே பாடிக்கொண்டிருந்தேன். முன்பெல்லாம் இந்த மூச்சு இன்னும் வரும்.'